சுழியின் சூட்சுமம்

சங்குகளில் இடம்புரி, வலம்புரி என்று இரண்டு வகை உண்டு. தூத்துக்குடிக் கடலிலும் ராமேசுவரத்துக் கடலிலும் குளித்தெடுக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரிதான். ஆயிரமாயிரம் சங்குகளுக்கு நடுவே எப்போதோ ஒரு தடவை ஒரு வலம்புரி அகப்படும். அகப்பட்டவனுக்கு யோகம், வாங்குகிறவனுக்குச் செலவு. ஆனால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஓடு ஒன்றே, வெண்மை ஒன்றே, ஒலியும் ஒன்றே. சுழி மட்டும் மாறியிருக்கிறது. இடம்புரிச் சங்கைக் கண்ணாடி முன்னால் வைத்தால் உள்ளே தெரிவது வலம்புரி. அவ்வளவுதான் விஷயம். அந்தச் சுழிக்காகத்தான் அத்தனை விலையும், அத்தனை பூஜையும்.

சங்குக்கு உள்ள இந்தச் சுழி கண்ணுக்கே தெரியாத அணுக்கூட்டங்களுக்கும் உண்டு. ஒரு சுழி மருந்தாகவும் அதன் கண்ணாடி நிழல் பயனற்றதாகவும், சில சமயம் விஷமாகவும் இருக்கக்கூடும் என்று ரசாயன சாஸ்திரம் சொல்லுகிறது. நான் ரசாயனத்தை முறையாகக் கற்றுத் தேர்ந்தவன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்தச் சுழியின் சரித்திரத்தைப் படிக்கப் புகுந்தபோது, அதில் பாரிஸும் அமெரிக்காவும் மட்டும் வரவில்லை. சென்னை சேப்பாக்கமும், எங்கள் ஊர் வேலியில் படரும் ஒரு கொடியும் வந்தன. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

எங்கள் சீமையில் ஓர் ஊரின் பெயரிலேயே சுழி இருக்கிறது. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள திருச்சுழிதான் அது. பிரளய வெள்ளம் பெருகி வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியைத் துளைத்து வெள்ளத்தைச் சுழித்து உள்ளே இறக்கிவிட்டார் என்று தலபுராணம் கூறுகிறது. 1879-ஆம் ஆண்டு ரமண மகரிஷி பிறந்த ஊர் அது. புராணத்தில் வெள்ளம் வந்த ஊர் என்றாலும், இன்று பக்கத்திலே ஓடும் குண்டாற்றில் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் ஓடுகிறது. கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும் வானம் பார்த்த பூமி. பருத்தி, சோளம், கம்பு, மிளகாய், கொத்தமல்லி. கண்மாய் நிறைந்தால் நெல்; நிறையாவிட்டால் அருப்புக்கோட்டைத் தறிகளை நம்பி வயிறு வளர்க்க வேண்டும்.

மழை குறைந்த பூமியில் செடி கொடிகளுக்கும் பிழைப்பு எளிதல்ல. ஓடி ஒளிய முடியாத செடி, ஆட்டுக்கும் பூச்சிக்கும் எதிராகத் தன் இலையிலே கசப்பையும் காரத்தையும் விஷத்தையும் சேர்த்து வைத்துக் கொள்கிறது. எங்கள் நாட்டு வேலிகளில் பாதி இலைகள் மருந்து என்றும், மீதிப் பாதி விஷம் என்றும் கிழவிகள் சொல்லுவார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லுகிற கிழவிகளும் உண்டு. அவர்கள் சொல்வதுதான் சாஸ்திரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது.

முதலில் நம் எல்லோர் வீட்டிலும் உள்ள புளியை எடுத்துக் கொள்வோம். புளியின் புளிப்புக்குப் பெருங்காரணம் டார்ட்டாரிக் அமிலம். திராட்சை ரசம் வடிக்கிற ஐரோப்பியர்களுக்கு இந்த அமிலம் மதுப்பீப்பாயின் அடியிலே படியும் உப்பின் மூலமாகப் பழக்கமானது. நமக்குப் புளியோதரையின் மூலமாகப் பழக்கமாயிற்று. பொருள் ஒன்றே.

மதுப்பீப்பாயில் சில சமயம் இதே அமிலத்தின் இரட்டைப் பிறவி போன்ற மற்றொரு பொருளும் கிடைத்தது. எடைபோட்டுப் பார்த்தால் அதே கரி, அதே நீர்வாயு, அதே பிராணவாயு. ஆனால் ஒரு வேற்றுமை. முதல் அமிலத்தைக் கரைத்து அதன் வழியே ஒருவகை ஒளியைச் செலுத்தினால், ஒளியின் தளம் ஒரு பக்கமாகத் திரும்பிற்று. இரண்டாவது அமிலத்தில் ஒளி திரும்பவேயில்லை. ஏன்?

1848-ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதைத் தாண்டிய லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு இளைஞர் அந்த இரண்டாவது அமிலத்தின் உப்பைப் படிகமாக்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். படிகங்களில் இரண்டு ஜாதி இருந்தன. ஒன்றின் முகம் வலப்பக்கம் சரிந்திருந்தது. மற்றொன்றின் முகம் இடப்பக்கம். அரிசியில் கல் பொறுக்குகிறவர்களைப்போல் உட்கார்ந்து, இரண்டையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். தனித்தனியே கரைத்துப் பார்த்தபோது ஒன்று ஒளியை வலப்பக்கமும், மற்றொன்று அதே அளவு இடப்பக்கமும் திருப்பின. கலந்தபோது ஒன்றின் வேலையை மற்றொன்று அழித்துவிட்டது, ஒளி அசையவில்லை. பாதி வலம்புரி, பாதி இடம்புரி! இப்படிச் சரிபாதியாய்க் கலந்ததற்கு ரசமிக் கலவை என்று பெயர் வந்தது. வயது முதிர்ந்த பியோ என்ற விஞ்ஞானி நம்ப மறுத்து, தம் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஒப்புக் கொண்டாராம்.

அணுக்கூட்டத்துக்கு ஏன் சுழி வருகிறது என்பதை 1874-இல் வாண்ட் ஹாஃப், லெ பெல் என்ற இருவர் தனித்தனியே விளக்கினார்கள். ஒரு கரியணுவுக்கு நான்கு கைகள்; அவை ஒரே தளத்தில் நீட்டப்பட்டவை அல்ல, நெருஞ்சி முள்ளைப்போல் நாலு திசையிலும் நீள்பவை. நான்கு கைகளிலும் நான்கு வெவ்வேறு பொருள்கள் இருந்தால், அதை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று மற்றதன் கண்ணாடி நிழல். வலக்கைச் செருப்பை இடக்காலில் போட முடியாது என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் வலக்கால் செருப்பை இடக்காலில் போட்டு நடந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சாஸ்திரம் உடனே விளங்கும். நம் உடம்பு ஒரே ஒரு கால் உள்ள ஆசாமி. அதற்குப் பொருந்துவது ஒரு பக்கத்துச் செருப்புத்தான்.

பழைய தமிழ்நாட்டில் வலங்கை, இடங்கை என்று ஜாதிகள் இரண்டாகப் பிரிந்து எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று மண்டையை உடைத்துக் கொண்டார்கள். அந்தச் சண்டைக்கு அர்த்தம் கிடையாது. இந்த வலங்கை இடங்கைக்கு அர்த்தம் உண்டு. உயிரும் சாவும் அதில் இருக்கிறது.

பூனைக்காலி என்று ஒரு கொடி. அதன் காய்மேல் உள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வாத்தியார் நாற்காலியில் அதைத் தூவி உதை வாங்குவதுண்டு. நாட்டு வைத்தியத்தில் அதன் விதையை நரம்பு வியாதிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். 1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர் ரசாயனக் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்கள். அதற்கு இன்று எல்-டோபா என்று பெயர். அப்போது அது ஒரு விநோதம், அவ்வளவே. கை கால் நடுங்கி, நடை குறுகி, முகம் மரத்துப்போகும் பார்க்கின்ஸன் நோய்க்கு அதுவே மருந்தாகும் என்று 1960-களில்தான் தெரிந்தது. 1967-இல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்ற மருத்துவர் இரண்டு சுழியும் கலந்த டோபாவைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். ஆனால் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. இடைஞ்சல் செய்தது வேண்டாத சுழி. அதை நீக்கி, பூனைக்காலி செய்கிற அந்த ஒரு சுழியை மட்டும் கொடுத்தபோது மருந்து மருந்தாயிற்று. பூனைக்காலி ஒரு நாளும் மற்றச் சுழியைச் செய்ததில்லை. மனிதன் தொழிற்சாலையில் செய்தபோதுதான் இரண்டும் வந்தன.

இனி நான் சொல்ல வந்த கொடிக்கு வருகிறேன். நஞ்சறுப்பான் என்று அதற்குப் பெயர். எருக்குக்கு உறவு. வேலியில் படர்ந்து சுற்றிக் கிடக்கும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். காய் முற்றி வெடித்தால் பஞ்சு பறக்கும். பேருக்கேற்றபடி விஷத்தை முறிப்பது என்று நம்பிக்கை. தின்றால் வாந்தி வரும் என்பது நம்பிக்கை அல்ல, அனுபவம். சோழமண்டலக் கரையில் இதன் வேரை வாந்தி மருந்தாகவும் சீதபேதி மருந்தாகவும் பயன்படுத்தியதைக் கும்பெனிக் காலத்திலேயே ராக்ஸ்பர்க் என்ற தாவர சாஸ்திரி எழுதி வைத்தார். அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய இபிகாக் வேருக்குப் பதிலாக வெள்ளைக்கார வைத்தியர்களே இதை உபயோகித்தார்கள். 1868-இல் வெளிவந்த இந்திய மருந்து நூலில் இதன் காய்ந்த இலை இடம் பெற்றது.

எங்கள் பக்கத்தில் இது இழுப்புக்கு மருந்து. தறிக்குத் தார் சுற்றிச் சுற்றியே பஞ்சுத் தூசியை ஆயுள் முழுவதும் சுவாசித்த என் அப்பத்தாவுக்கு, மார்கழி பிறந்தால் நெஞ்சு துருத்தி மாதிரி ஊதும். வைத்தியர் வேலியிலிருந்து ஒரே ஓர் இலையைக் கிள்ளிக் கொண்டுவந்து வெற்றிலையில் மடித்துக் கொடுப்பார். “ஆத்தா, வெறும் வயித்துல ஒரு எலதான். ரெண்டாவது எல கேக்கப்படாது” என்பார். ஏன் கேட்கக்கூடாது என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைக் கேட்பதற்கு ஒருவர் சென்னையில் இருந்தார்.

அவர் பெயர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. 1915-இல் பிறந்தவர். பெயரின் முதலெழுத்து தூத்துக்குடியைக் குறிப்பது, சங்கின் ஊர்! சென்னை மாநிலக் கல்லூரியில் பி. பி. தே என்ற வங்காளிப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி பயின்றார். அப்பால் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அந்நாட்டு ரசாயனத்தின் தலைமைப் புருஷர்களில் ஒருவரான ரோஜர் ஆடம்ஸிடம் செனீசியோ என்ற செடியின் விஷப் பொருள்களை ஆராய்ந்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்து, தாம் படித்த அதே கல்லூரியில் வாத்தியாரானார். பின்னாளில் அதன் பிரின்ஸிபாலாகவும் இருந்தார்.

1840-இல் தோன்றிய அந்தக் கல்லூரி கடற்கரையை நோக்கி நிற்பதைச் சென்னைக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சுதந்திரம் வந்த புதிது, அரசாங்கக் கல்லூரி, சம்பளமும் அரசாங்கச் சம்பளம். இன்று ஓர் அணுக்கூட்டத்தின் அமைப்பைக் கண்டுபிடிக்கக் காந்தக் கருவிகள் இருக்கின்றன; ஒரு சிட்டிகைப் பொருளைக் கொடுத்தால் படம் போட்டுத் தந்துவிடும். 1950-களின் தொடக்கத்தில் சென்னையில் அவை ஏது? இலையை மூட்டை மூட்டையாக வாங்கி உலர்த்தி, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, அமிலமும் காரமும் மாற்றி மாற்றிச் சேர்த்துக் கழுவினால், கடைசியில் குடுவையின் அடியில் ஒரு பிடிப் படிகம் நிற்கும். அதன் அமைப்பை எப்படி அறிவது? உடைத்துத்தான் அறிய வேண்டும். ஒரு பக்கம் வெட்டி, கிடைத்த துண்டு இன்னதென்று கண்டு, மறுபக்கம் வெட்டி, அந்தத் துண்டும் இன்னதென்று கண்டு, எல்லாத் துண்டுகளையும் மனத்துக்குள்ளே பழையபடி ஒட்ட வேண்டும். உடைந்த பானையின் ஓடுகளைப் பொறுக்கி, பானையின் வாய் எது, வயிறு எது என்று சொல்லுகிற வித்தை. ஓர் ஓடு பொருந்தாவிட்டால் மறுபடி இலை மூட்டையிலிருந்து ஆரம்பம்.

நஞ்சறுப்பானின் முக்கியமான பொருளை 1935-இலேயே ரத்னகிரீசுவரன், வெங்கடாசலம் என்ற இருவர் பிரித்தெடுத்து டைலோஃபோரின் என்று பெயரிட்டிருந்தார்கள். ஆனால் அதன் அமைப்பு தெரியாமல் இருந்தது. கோவிந்தாச்சாரியும் அவருடைய சீடர்களான பாய், நாகராஜன் என்பவர்களும் அதைக் கையில் எடுத்தார்கள். 1954-இல் முதல் கட்டுரை லண்டன் ரசாயனச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. 1958-இல் அடுத்தது. மொத்தம் ஐந்து வளையங்கள். மூன்று வளையங்கள் ஒட்டிய ஒரு பெரிய பலகை, அதன் ஓரத்திலே நைட்ரஜன் தாங்கிய இரண்டு சிறு வளையங்கள், பலகையின்மேல் நான்கு மீதாக்ஸிக் கொத்துகள். அந்த ஐந்து வளையங்களுக்கு நடுவே ஒரே ஒரு கரியணுவுக்கு மட்டும் சுழி உண்டு. கொடி செய்யும் டைலோஃபோரின் ஒளியை இடப்பக்கம் திருப்புவது.

இடையிலே மற்றச் செடிகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மஞ்சள் கரிசலாங்கண்ணியை நம் பெண்கள் கண் மைக்கும் கூந்தல் தைலத்துக்கும் காய்ச்சுகிறார்கள். காமாலைக்கு அதைக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை 1956-இல் வெளியிட்டவர்கள் இதே கூட்டத்தார். 1960-ஆம் ஆண்டில் ரசாயனத்துக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு கோவிந்தாச்சாரிக்கு அளிக்கப்பட்டது.

அமைப்பு இன்னது என்று சொல்லிவிட்டால் மட்டும் ரசாயனிகள் நம்பிவிட மாட்டார்கள். சொன்னபடி கட்டிக் காட்ட வேண்டும். 1961-இல் கோவிந்தாச்சாரி, லட்சுமிகாந்தம், ராஜதுரை ஆகிய மூவரும் எளிய சரக்குகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக டைலோஃபோரினைக் கட்டி முடித்தார்கள். வேலியில் விளைந்ததும் குடுவையில் விளைந்ததும் அமைப்பில் ஒன்றே என்று ஏற்பட்டது. ஆனால் குடுவையில் வந்தது ரசமிக் கலவை. பாதி வலம், பாதி இடம். அது அவர்களுடைய குறையன்று. சுழியில்லாத சரக்குகளிலிருந்து கிளம்பி, சுழியில்லாத கருவிகளால் வேலை செய்தால், முடிவில் இரண்டும் சரிபாதியாகத்தான் வரும். தட்டையான ஓர் அணுக்கூட்டத்தில் நீர்வாயுவைச் சேர்க்க உலோகத் தூளைப் போடுகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். உலோகத் தூளுக்கு மேல் பக்கம் என்ன, கீழ்ப் பக்கம் என்ன? பாதித் தடவை மேலிருந்து சேர்க்கும், பாதித் தடவை கீழிருந்து. படிக்காத ஒரு கொடி எழுத்துப் பிசகாமல் ஒரே சுழியைச் செய்கிறது. பட்டம் பெற்ற மனிதனால் அது முடியவில்லை. 1961-இல் உலகத்து ரசாயன சாஸ்திரம் முழுவதுமே ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தது.

கொடியின் ரகசியம் என்ன? அதன் உள்ளே வேலை செய்யும் என்ஸைம்கள் சுழியுள்ளவை. சுழியுள்ள அச்சில் வார்த்தால் சுழியுள்ள பொம்மைதான் வரும். அப்படியானால் மனிதனும் சுழியுள்ள ஒரு சிறிய அச்சைச் செய்துகொண்டால் என்ன? ஒரு துளி அச்சு. அது தான் தீராமல், ஆயிரக்கணக்கான அணுக்கூட்டங்களை ஒரே பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். இதைத்தான் சமச்சீரற்ற வினையூக்கம் என்கிறார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் பால் உறைகுத்துவது போன்றது. ஒரு சொட்டு மோர் ஒரு குடம் பாலைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறது அல்லவா?

அமெரிக்காவில் மான்ஸாண்டோ கம்பெனியைச் சேர்ந்த வில்லியம் நோல்ஸ், 1968-இல் ரோடியம் என்ற உலோகத்துக்குச் சுழியுள்ள ஒரு துணையைக் கட்டி, நீர்வாயுவை ஒரே பக்கத்திலிருந்து சேர்க்க வழி கண்டார். சில ஆண்டுகளில் அதே வழியில் தொழிற்சாலையிலே எல்-டோபா தயாராயிற்று. பூனைக்காலியின் வேலையை ரோடியம் செய்தது. 1980-இல் பாரி ஷார்ப்லெஸ், கட்சுகி என்பவருடன் சேர்ந்து டைட்டானியம் என்ற உலோகத்துக்கு ஒரு துணையைக் கட்டினார். அந்தத் துணை என்னவென்று நினைக்கிறீர்கள்? நம் புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலத்திலிருந்து செய்தது! பாஸ்டர் பொறுக்கிப் பிரித்த அதே அமிலம், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு அப்பால், மற்றப் பொருள்களுக்குச் சுழி கற்பிக்கும் வாத்தியாராக வந்துவிட்டது. நோல்ஸ், ஜப்பானியரான நொயோரி, ஷார்ப்லெஸ் மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உலோகமே வேண்டாம் என்று மற்றொரு வழியும் உண்டு. புரோலின் என்பது நம் உடம்பின் தசையிலும் தோலிலும் உள்ள சாதாரண அமினோ அமிலம், சுழியுள்ளது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் மருந்துக் கம்பெனி ரசாயனிகள் அதை ஒரு சிட்டிகை சேர்த்து, ஸ்டீராய்டு மருந்துகளுக்கான மூலப்பொருளை ஒரே சுழியாகச் செய்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக் கொண்டிருந்த மிகச் சிலரில் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். சுவாமிநாதனும் அவருடைய சீடர்களும் இருந்தார்கள். 1999-இல் அவர்கள் அதைப்பற்றிக் கட்டுரை எழுதினார்கள். மறு வருஷம், 2000-இல், பெஞ்சமின் லிஸ்ட் என்ற ஜெர்மானியர் புரோலினை வேறு பல வினைகளுக்கும் பொதுவான அச்சாக்கிக் காட்டினார். அதே வருஷம் மக்மில்லன் என்பவர் வேறொரு அச்சைக் காட்டினார். 2021-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவ்விருவருக்கும் போயிற்று. பரிசு சென்னைக்கு வந்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பொதுவழியைத் திறந்தவர்களுக்கே அது உரியது. ஆனால் அந்த வழி திறப்பதற்கு முன்னால் அங்கே விளக்கு வைத்துக் காத்திருந்தவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கோவிந்தாச்சாரியை நடுவழியில் விட்டுவிட்டேன். 1963-இல் அவர் மாநிலக் கல்லூரியை விட்டு, பம்பாய்க்குப் பக்கத்திலே கோரேகாவில் சுவிஸ் நாட்டு சீபா கம்பெனி தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராகப் போனார். அரசாங்கக் கல்லூரிப் பேராசிரியர் அந்நியக் கம்பெனிக்குப் போவதா என்று முகம் சுளிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால் அங்கே போயும் அவர் செடியை விடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் படரும் ஆன்ஸிஸ்ட்ரோகிளாடஸ் என்ற கொடியிலிருந்து, பார்த்தசாரதி என்பவருடன் சேர்ந்து, 1970-ஐ ஒட்டி ஒரு புதிய குலத்துப் பொருளைக் கண்டெடுத்தார். அதன் சுழி விசித்திரமானது. ஒரு கரியணுவின் நான்கு கைகளால் மட்டும் வந்ததன்று. இரண்டு பலகைகள் ஓர் அச்சாணியில் மாட்டப்பட்டு, இடமில்லாமல் முட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகவே முறுக்கி நின்றுவிடுவதால் வந்தது. கதவு ஒருச்சாய்ந்து இறுகிக் கொண்டதுபோல. பிற்காலத்தில் ஜெர்மனியில் பிரிங்மன் என்பவர் இந்தக் குலத்துப் பொருள்களை ஒரே முறுக்காகச் செய்வதையே தம் ஆயுட்காலப் பணியாக்கிக் கொண்டார்.

1972-இல், விசுவநாதன் என்பவருடன் சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் மாப்பியா என்ற மரத்தில் காம்ப்டோதெஸின் இருப்பதைக் காட்டினார். சீன மரம் ஒன்றிலிருந்து அமெரிக்கர்கள் 1966-இல் கண்டறிந்த பொருள் அது. அதிலிருந்து பிறந்த இரண்டு மருந்துகள் 1996-இல் அமெரிக்காவில் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டன. அதிலும் ஒரே ஒரு கரியணுவுக்குச் சுழி. அந்தச் சுழி மாறினால் மருந்துக் குணம் போய்விடுகிறது.

1975-இல் கோரேகாவை விட்டுச் சென்னைக்குத் திரும்பினார். மற்றவர்கள் சாய்வு நாற்காலியில் உட்காரும் வயதில், அவர் வேப்பங்கொட்டையை எடுத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தார். வேம்பின் கசப்புச் சத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுத்தம் செய்து, எது பூச்சியை விரட்டுகிறது என்று பார்க்கும் வேலை, எண்பது வயதை எட்டும்போதும் நடந்தது. வேம்பின் தலைசிறந்த பொருளான அசாடிராக்டினில் சுழியுள்ள கரியணுக்கள் பதினாறு. ஒவ்வொன்றும் இரண்டு விதமாக நிற்கலாம் என்றால், கணக்குப்படி 65,536 விதங்கள். வேப்பமரம் அவற்றுள் ஒன்றையே செய்கிறது. இங்கிலாந்தில் ஸ்டீவன் லே என்பவரும் அவர் கூட்டத்தாரும் 22 ஆண்டுகள் பாடுபட்டு, 2007-இல்தான் அதைக் கட்டி முடித்தார்கள். அதைப் பார்க்கக் கோவிந்தாச்சாரி இல்லை. 2001-இல், சுழியைக் கற்பித்தவர்களுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், அவர் காலமானார்.

இவ்வளவும் சரி, நஞ்சறுப்பானால் இழுப்பு நின்றதா என்று கேட்பீர்கள். டில்லியில் சிவபுரி என்ற மருத்துவர் 1960-களின் பிற்பகுதியில் நோயாளிகளுக்கு நாளுக்கு ஓர் இலை வீதம் ஆறு நாள் மெல்லக் கொடுத்தார். பலருக்கு வாரக் கணக்கில் குணம் தெரிந்தது என்று எழுதினார். நாளுக்கு ஓர் இலை! எங்கள் ஊர் வைத்தியரின் அளவேதான். பின்னால் நடந்த சில சோதனைகள் அத்தனை சாதகமாக இல்லை. டைலோஃபோரினின் நெருங்கிய உறவினரான ஒரு பொருளைப் புற்றுநோய்க்கு முயன்று பார்த்தபோது, அது மூளையையும் நரம்பையும் கலக்கியதால் 1966-இல் கைவிட்டார்கள். உயிரணுக்களுக்குள்ளே புரதம் உண்டாவதையே இந்தக் குலத்துப் பொருள்கள் தடுக்கின்றன என்று பிற்பாடு தெரிந்தது. ‘ரெண்டாவது எல’ ஏன் கேட்கக்கூடாது என்பதற்கு விடை அதுதான். ஆகவே, இதைப் படித்துவிட்டு வேலிப்பக்கம் யாரும் போய்விட வேண்டாம்.

வைத்தியனிடமிருந்த ரகசியத்தை ரசாயனி களவாடிக்கொண்டான் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக் காளானுக்கு மருந்தாக உபயோகிப்பதற்கு ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு விவசாய இலாகாவும் ஐரோப்பாவில் பேட்டன்ட் உரிமை வாங்கின. அதை வழக்காடி 2000-இல் ரத்துச் செய்ய வேண்டியிருந்தது; அப்பீலும் 2005-இல்தான் தீர்ந்தது. ஆனால் கோவிந்தாச்சாரி போன்றவர்கள் செய்தது வேறு. அவர்கள் கண்டதைப் பெட்டியில் பூட்டவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பத்திரிகையில் அச்சிட்டார்கள். வைத்தியர் தம் மகனுக்குக்கூடச் சொல்லாமல் செத்துப் போனார். அவரோடு அவர் அறிந்ததில் பெரும்பகுதி போயிற்று. ரசாயனி எழுதி வைத்தது ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இன்றும் எடுத்துப் படிக்கப்படுகிறது. இரண்டில் எது நம் வேலிக்குச் செய்த மரியாதை என்று வாசகர்களே தீர்மானிக்கலாம்.

நஞ்சறுப்பானின் கதையில் ஒரு கடைசிப் பாகம் இருக்கிறது. 1961-இல் சென்னையில் கட்டிய டைலோஃபோரின் இரு சுழிகளும் கலந்தது என்றேன். ஒரே சுழியாக அதைக் கட்டுவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1983-இல் அமெரிக்காவில் பக்லி, ராப்போர்ட் என்ற இருவர், இயற்கையிலேயே சுழியுள்ள குளூட்டாமிக் அமிலத்தை அடிப்படையாக வைத்து அதைச் செய்து முடித்தார்கள். சுத்தமான ஒரே சுழி; ரசாயனத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அவர்கள் எடுத்துக் கொண்ட அமிலத்தின் சுழி காரணமாக, கையில் வந்தது கொடி செய்வதன் கண்ணாடி நிழல். ஒளியை வலப்பக்கம் திருப்புவது. திருச்சுழிப் பக்கத்து வேலிகளில் அப்படிப்பட்ட டைலோஃபோரின் விளைந்ததே கிடையாது. அப்பால் வந்தவர்கள் கொடியின் சுழியையும் செய்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே போகும்போது சீமைக் கருவேலுக்கு நடுவே எங்கேனும் இந்தக் கொடியைக் கண்டால், பறிக்காமல் சற்று நின்று பாருங்கள். மனிதர்கள் அரை நூற்றாண்டு பாடுபட்டுச் செய்ததை அது இன்று காலையிலும் செய்திருக்கிறது.